மூணும் மூணும் ஆறு: டெட்ராய்ட் கைநழுவவிட்ட ஒரு இரவின் கணக்கு

2024 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை இரவு. டெட்ராய்டைச் சுற்றியுள்ள ஊர்களில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. டெட்ராய்ட் லயன்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணி கலிபோர்னியாவில், சான்டா கிளாரா ஊரில் உள்ள லீவைஸ் மைதானத்தில், சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியோடு மோதிக்கொண்டிருந்தது. ஜெயித்தால் அடுத்தது சூப்பர் பௌல். 1967-இல் தொடங்கிய அந்த இறுதி ஆட்டத்தில் லயன்ஸ் ஒருமுறைகூட ஆடியதில்லை. பாதி ஆட்டம் முடிந்தபோது 24-7 என்று லயன்ஸ் முன்னால் நின்றது. நாங்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரு நண்பர் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் கார் கம்பெனிகளிலும் அவற்றைச் சுற்றியுள்ள வேலைகளிலும் இருப்பவர்கள். சமைத்து வைத்த பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது, யாரும் எழுந்துபோய்த் தட்டெடுக்கவில்லை.

இரவு பத்து மணி வாக்கில் எல்லாம் முடிந்துவிட்டது. 34-31, சான் பிரான்சிஸ்கோவுக்கு வெற்றி.

மறுநாள் காலையில் ஆபீஸில், காபி மெஷின் பக்கத்தில், மதியச் சாப்பாட்டு மேஜையில், மாலையில் பிள்ளைகளைக் கூப்பிடப் போன இடத்தில், எங்கும் ஒரே கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் டேன் கேம்ப்பல் இரண்டு முறை ஃபீல்டு கோல் உதைக்கும் வாய்ப்பை வேண்டாம் என்றார். ஒவ்வொன்றும் மூன்று புள்ளி. மூணும் மூணும் ஆறு. 31-உடன் ஆறு சேர்த்தால் 37. எதிரணி எடுத்தது 34. "கண்ணுக்கு முன்னாடி கிடந்த காசை எடுக்காம விட்டுட்டாரே அண்ணே" என்று என்னைவிட வயதில் இளையவர் ஒருவர் கிட்டத்தட்ட அழுதார். அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் சரி என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம்மில் பலருக்கு இந்த ஆட்டம் புதிது என்பதால் விதியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் இல்லை, அமெரிக்கக் கால்பந்து. பந்து கையில் இருக்கும் அணிக்கு பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள். ஒவ்வொரு வாய்ப்புக்கும் 'டவுன்' என்று பேர். பத்து கெஜம் கடந்துவிட்டால் மறுபடி நான்கு வாய்ப்பு கிடைக்கும். கடக்காவிட்டால், நான்காவது வாய்ப்பு முடிந்ததும் பந்து அதே இடத்தில் எதிரணி கைக்குப் போய்விடும். அதனால் நான்காவது டவுன் வந்ததும் பயிற்சியாளர் முன் மூன்று வழிகள் நிற்கும். பந்தைத் தொலைவாக உதைத்து எதிரணியைப் பின்னுக்குத் தள்ளலாம், இது 'பண்ட்'. கம்பம் பக்கமாக இருந்தால் இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்கலாம், இது ஃபீல்டு கோல். இரண்டும் வேண்டாம் என்று அந்தக் கடைசி வாய்ப்பிலும் ஓடியோ எறிந்தோ முன்னேறப் பார்க்கலாம். கிடைத்தால் டச் டவுனுக்கான, அதாவது பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டி ஆறு புள்ளியும், பின்னாலேயே வரும் கூடுதல் உதையில் இன்னொரு புள்ளியும் எடுப்பதற்கான பாதை திறந்தே இருக்கும், கிடைக்காவிட்டால் கையில் ஒன்றும் இல்லை.

காலங்காலமாகப் பயிற்சியாளர்கள் முதல் இரண்டு வழிகளையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். பெர்க்லி பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் டேவிட் ரோமர், 1998 முதல் 2000 வரை நடந்த என்.எஃப்.எல். (அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்) ஆட்டங்களின் தரவுகளை எடுத்துப் பார்த்து, அணிகள் உதைக்க வேண்டியதைவிட மிக அதிகமாக உதைக்கின்றன என்று காட்டினார். 2006-இல் அது ஆய்விதழில் வெளிவந்தது. ஆனாலும் மைதானத்தில் மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. அதற்குக் காரணம் கணக்குத் தெரியாதது அல்ல என்று நினைக்கிறேன். உதைத்துத் தோற்றால் தோற்றது அணி. துணிந்து இறங்கித் தோற்றால் தோற்றது பயிற்சியாளர். தன் வேலையை நினைத்துப் பயப்படும் ஒருவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தப் பயம் இல்லாதவர் என்று டெட்ராய்ட் நம்பிய ஆள்தான் கேம்ப்பல்.

டெட்ராய்ட் ரசிகரின் மனசு புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பழைய கதை தெரிய வேண்டும். லயன்ஸ் கடைசியாகக் கோப்பை வென்றது 1957-இல். அதற்குப் பிறகு 2023-ஆம் ஆண்டு முடியும்வரை பிளேஆஃப் என்னும் நாக்அவுட் கட்டத்தில் அவர்கள் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம், 1992 ஜனவரியில் டல்லாஸுக்கு எதிராக. பேரி சாண்டர்ஸ், கால்வின் ஜான்சன் மாதிரி ஆட்டக்காரர்கள் இங்கே வந்து தங்கள் நல்ல வருடங்களைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு ஓய்வு பெற்றார்கள். 2008-இல் ஆடிய 16 ஆட்டங்களிலும் தோல்வி. 16 ஆட்டப் பருவத்தில் எல்லாவற்றையும் தோற்ற முதல் அணி லயன்ஸ்தான். அந்த வருட அணியில் ஆட்டக்காரராக இருந்தவர்களில் ஒருவர் டேன் கேம்ப்பல். காயத்தால் அந்தப் பருவத்தில் அவர் அதிகம் ஆடவில்லை, ஆனால் அந்த அறையில் இருந்தவர்.

2021 ஜனவரியில் அவர் பயிற்சியாளராகத் திரும்பி வந்தபோது, எங்களைக் கீழே தள்ளினால் எழுந்திருக்கும்போது உங்கள் முழங்கால் சில்லைக் கடித்துக்கொண்டுதான் எழுவோம் என்ற பொருளில் பேசினார். நாடே சிரித்தது. முதல் பருவம் 3 வெற்றி, 13 தோல்வி, ஒரு சமன். அடுத்தது 9-8. 2023-இல் 12-5. அந்த ஏற்றத்துக்குள் ஒரு பழக்கம் ஆழமாக ஊறியிருந்தது. நான்காவது டவுனில் உதைக்காமல் இறங்கிப் பார்ப்பதில் லீக்கிலேயே முன்வரிசையில் நின்ற அணி லயன்ஸ்.

2023 செப்டம்பர் 7, பருவத்தின் முதல் ஆட்டம், நடப்புச் சாம்பியன் கான்சஸ் சிட்டியின் சொந்த மைதானம். முதல் கால்பகுதியிலேயே, தன் பக்க 17 கெஜக் கோட்டில், அதாவது தன் கோல் கோட்டிலிருந்து 17 கெஜத்தில் நின்றுகொண்டு, பண்ட் உதைப்பது போலப் பாவனை செய்து, பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடச் சொன்னார் கேம்ப்பல். தவறியிருந்தால் எதிரணிக்குப் பந்தைத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. தவறவில்லை, அந்தத் தொடர் டச் டவுனில் முடிந்தது. லயன்ஸ் 21-20 என்று ஜெயித்தது. நவம்பரில் சார்ஜர்ஸ் அணியோடு ஆட்டம் 38-38 என்று நின்றபோது, இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில், ஃபீல்டு கோல் எட்டும் தூரத்தில் நான்காவது டவுன் வந்தது. உதைத்து மூன்று புள்ளி எடுத்தால் எதிரணிக்கு நேரம் மிச்சமிருக்கும் என்று கணக்குப் போட்டு இறங்கினார். முன்னேறினார்கள். கடிகாரத்தைக் கரைத்துவிட்டுக் கடைசி நொடியில் உதைத்து 41-38. அன்றைக்கு ஒருவரும் மூணும் மூணும் கூட்டவில்லை. ஊர் முழுக்க 'எங்க ஆளு' என்று அவரைக் கொண்டாடியது.

சரி, ஜனவரி 28-க்கு வருவோம்.

இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ ஒரு ஃபீல்டு கோல் எடுத்து 24-10. அதன் பிறகு லயன்ஸ் முன்னேறி எதிரணியின் 28 கெஜக் கோட்டில் நிற்கிறது. நான்காவது டவுன், இரண்டு கெஜம் தேவை. மூன்றாம் கால்பகுதியில் ஏழு நிமிடம் போல மிச்சம். உதைத்தால் 46 கெஜ உதை. கேம்ப்பல் இறங்கச் சொன்னார். பந்தை வாங்கி எறியும் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப் எறிந்த பந்து ஜாஷ் ரெனால்ட்ஸ் கைகளில்தான் வந்து விழுந்தது. பிடித்திருந்தால் தேவையான தூரத்தைத் தாண்டியிருப்பார். கையில் பட்டுக் கீழே விழுந்தது.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் இன்றும் நெஞ்சில் நிற்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் குவார்ட்டர்பேக் பிராக் பர்டி தொலைவாக எறிந்த ஒரு பந்து, லயன்ஸ் தடுப்பாட்டக்காரர் கிண்டில் வில்டோரின் முகக்கவசத்தில் பட்டு மேலே எகிறி, பாய்ந்து வந்த பிராண்டன் ஐயுக் கையில் போய்ச் சேர்ந்தது. 51 கெஜம். அங்கிருந்து டச் டவுன், 24-17. அடுத்து பந்து எடுத்த முதல் டவுனிலேயே லயன்ஸின் ஜமீர் கிப்ஸ் பந்தைத் தவறவிட, எதிரணி அள்ளிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் 24-24. அந்தச் சில நிமிடங்களில் எங்கள் ஹாலில் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

நான்காம் கால்பகுதியில் சான் பிரான்சிஸ்கோ 27-24 என்று முன்னேறியது. ஏழரை நிமிடம் போல இருக்கும்போது இரண்டாவது தருணம். எதிரணியின் 30 கெஜக் கோடு, நான்காவது டவுன், மூன்று கெஜம் தேவை. 48 கெஜ உதை போட்டால் ஆட்டம் சமன். மறுபடியும் இறங்கச் சொன்னார். காஃப் நெருக்கடியில் எறிந்தது ஆமன்-ரா செயிண்ட் பிரவுனுக்குச் சேரவில்லை. சான் பிரான்சிஸ்கோ அதை டச் டவுனாக மாற்றி 34-24 ஆக்கியது.

ஆட்டம் முடிந்ததும் கேம்ப்பல் அந்த இரண்டு முடிவுகளுக்காக வருந்தவில்லை என்றார். விமர்சனம் வரும், அதுவும் இந்த வேலையின் ஒரு பகுதி என்றும் சொன்னார்.

இப்போது அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். மூணும் மூணும் ஆறு என்று கூட்டுகிறவர் இரண்டு விஷயங்களைத் தெரியாமல் ஒளித்துவைக்கிறார். ஒன்று, இரண்டு உதையும் கண்டிப்பாக உள்ளே போயிருக்கும் என்ற நினைப்பு. என்.எஃப்.எல். உதைப்பாளர்கள் 40-லிருந்து 49 கெஜத்துக்குள் உதைக்கும்போது, தோராயமாக நான்கில் மூன்று உள்ளே போகும். அப்படியென்றால் இரண்டும் சேர்ந்து உள்ளே போக வாய்ப்பு பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். லயன்ஸ் உதைப்பாளர் மைக்கேல் பேட்ஜ்லி அந்த இடத்துக்கு வந்ததே டிசம்பரில். சொந்த மைதானமான ஃபோர்டு ஃபீல்டு கூரை போட்டது, செயற்கைப் புல். லீவைஸ் திறந்தவெளி, இயற்கைப் புல். உதை தவறினால் இன்னொரு நஷ்டமும் உண்டு. பந்து உதைத்த இடத்தில் எதிரணி கைக்குப் போகும். உதைக்கப் பந்தை எட்டு கெஜம் போலப் பின்னால் வைப்பார்கள், அதாவது 28-இல் நின்று உதைத்துத் தவறினால் எதிரணி 36-இல் ஆரம்பிக்கும். இறங்கித் தவறினால் 28-இலேயே ஆரம்பிக்கும். தோற்றாலும் எட்டு கெஜம் மிச்சம்.

இரண்டாவது விஷயம்தான் பெரிது. முதல் உதை உள்ளே போயிருந்தால் ஸ்கோர் 27-10. அதற்குப் பின் நடந்த ஒன்றும் அதே மாதிரி நடந்திருக்காது. அந்த முகக்கவச எறி வந்திருக்காது, கிப்ஸ் அதே நொடியில் அதே இடத்தில் பந்தைத் தவறவிட்டிருக்க மாட்டார், இரண்டாவது தருணம் என்ற ஒன்றே வந்திருக்காமல் போயிருக்கலாம். நல்லதாகவும் ஆகியிருக்கலாம், கெட்டதாகவும் ஆகியிருக்கலாம். ஒரு நாளின் முதல் பஸ்ஸைப் பிடித்திருந்தால் மீதி நாளும் அப்படியே நடந்து, ஒரு மணி நேரம் மட்டும் மிச்சமாகியிருக்கும் என்று சொல்வது போலத்தான் இந்தக் கூட்டல்.

எதிர்ப்பக்கம் என்ன இருந்தது? இரண்டு கெஜத்துக்காக நான்காவது டவுனில் இறங்கினால் பாதிக்குக் கொஞ்சம் மேலான முறை கிடைக்கும் என்பது லீக்கின் பொதுவான அனுபவம். லயன்ஸின் முன்வரிசைத் தடுப்பாளர்கள் அந்த வருடம் லீக்கின் மிகச் சிறந்தவர்களில் சிலர். கிடைத்திருந்தால் நேரம் கரைந்துகொண்டே டச் டவுன் பக்கம் போயிருக்கலாம். 31-10 ஆகியிருந்தால் ஆட்டம் ஏறக்குறைய முடிந்த மாதிரி. இதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டவர்களில் பலர் வந்து நின்ற இடம் ஒன்றுதான்: உதைப்பதற்கும் இறங்குவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இறங்குவது மயிரிழை மேல் அல்லது சமம். ஒரு அணியையும் ஒரு ஊரையும் இரண்டாகப் பிளந்த வாதத்தின் அடியில் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் உதைக்கச் சொன்னவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். அவர்கள் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு, அதைக் கணக்குப் பிரியர்கள் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 14 புள்ளி முன்னிலை என்பது எதிரணிக்கு இரண்டு டச் டவுன் தூரம். 17 என்பது மூன்று முறை புள்ளி எடுத்தாக வேண்டிய தூரம். பின்தங்கி நிற்கும் அணியின் மனசில் அந்த ஒரு படி பெரிய பாரம். வெளியூர் மைதானத்தில், 24-7-இலிருந்து கூட்டம் மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருக்கும்போது, ஒரு உதை அந்தச் சத்தத்தை அடக்கியிருக்கும். பந்து தவறிய அந்த நொடியில் மைதானம் எழுந்த விதத்தைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் பேச்சில்லை என்று தெரியும். இரண்டாவது தருணத்தில் அந்த வாதம் இன்னும் வலுவாகிறது. அப்போது தேவை மூன்று கெஜம், லயன்ஸின் ஆட்டம் தளர்ந்திருந்தது, சமன் செய்ய ஒரு உதை போதும். என் சொந்தக் கருத்து கேட்டால், முதல் முடிவில் நான் கேம்ப்பல் பக்கம். இரண்டாவதில் உதைத்திருக்கலாம் என்றே தோன்றுகிறது, ஆனால் இறங்கியதைத் தவறு என்று சொல்ல என்னால் முடியவில்லை.

அந்த மனுஷர் எங்கே பார்த்தாலும் பாய்கிறவர் என்ற பேச்சும் சரியில்லை. அதே ஆட்டத்தில், முதல் பாதியின் கடைசி நொடிகளில், கோல் கோட்டுக்கு மூன்று கெஜம் தூரத்தில் நான்காவது டவுன் வந்தபோது அவர் உதைக்கச் சொல்லி மூன்று புள்ளியை எடுத்துக்கொண்டார். 24-7 வந்தது அப்படித்தான். அதை டச் டவுனாக முயன்றிருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. அதைப் பற்றி மறுநாள் காபி மெஷின் பக்கத்தில் ஒருவரும் பேசவில்லை. உதை உள்ளே போனது, புள்ளி கிடைத்தது, பேச ஒன்றுமில்லை.

முடிவை எடுத்த நேரத்தில் கையில் என்ன இருந்தது என்று பார்க்காமல், பிறகு என்ன நடந்தது என்பதை வைத்து முடிவை எடைபோடுகிறோம். நம் ஊர் கிரிக்கெட் ரசிகருக்கு இது நன்றாகவே தெரியும். 2007 டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் கடைசி ஓவரை ஹர்பஜனுக்குக் கொடுக்காமல் ஜோகிந்தர் சர்மாவுக்குக் கொடுத்தார் தோனி. மிஸ்பா ஸ்கூப் அடித்த பந்து ஸ்ரீசாந்த் கையில் விழுந்தது. அது பத்து கெஜம் தள்ளி விழுந்திருந்தால் இன்றைக்கு அந்த முடிவை எந்தப் பேரால் அழைத்திருப்போம்?

அமெரிக்கக் கால்பந்திலேயே இதன் இரண்டு முனைகளும் இருக்கின்றன. 2009 நவம்பரில் இண்டியானாபொலிஸுக்கு எதிராக 34-28 என்று முன்னால் இருந்த நியூ இங்கிலாந்து அணியின் பயிற்சியாளர் பில் பெலிசிக், ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் சொச்சம் இருக்கும்போது, தன் பக்க 28 கெஜக் கோட்டிலேயே நான்காவது டவுனில் இறங்கினார். தேவை இரண்டு கெஜம். மயிரிழையில் தவறியது. இண்டியானாபொலிஸின் குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங் அங்கிருந்து டச் டவுன் போட்டு 35-34 என்று ஜெயித்தார். மூன்று சூப்பர் பௌல் வென்ற பயிற்சியாளரை, மூளை பிசகிவிட்டதா என்ற அளவுக்கு நாடு கேட்டது. 2018 பிப்ரவரியில் பிலடெல்பியாவின் பயிற்சியாளர் டக் பீடர்சன், சூப்பர் பௌலிலேயே, பாதி ஆட்டம் முடிய 38 நொடி இருக்கும்போது, கோல் கோட்டுக்கு ஒரு கெஜம் தூரத்தில் உதையை மறுத்து, குவார்ட்டர்பேக்கையே பந்து பிடிக்க ஓடவைத்தார். நிக் ஃபோல்ஸ் பிடித்துவிட்டார், பிலடெல்பியா 41-33 என்று முதல் முறையாகச் சூப்பர் பௌலை வென்றது. அந்த முடிவை எடுத்த நொடியில் பயிற்சியாளரும் குவார்ட்டர்பேக்கும் பேசிக்கொண்ட காட்சிக்கு அவர்கள் மைதானத்துக்கு வெளியே சிலையே வைத்திருக்கிறார்கள். ரெனால்ட்ஸ் அந்தப் பந்தைப் பிடித்திருந்தால் கேம்ப்பலுக்கும் டெட்ராய்டில் ஒரு சிலை எழும்பியிருக்கும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. அந்த இரவில் கேம்ப்பல் எடுத்த ஒரு முடிவு தவறு என்று திட்டமாகச் சொல்லலாம். அது அந்த இரண்டில் ஒன்று இல்லை. எந்தத் துணிச்சலும் இல்லாத, பார்வைக்குச் சாதாரணமான முடிவு என்பதால் அதைப் பற்றிப் பேச்சே குறைவு.

34-24 என்று பின்தங்கிய பிறகு லயன்ஸ் விறுவிறுவென்று முன்னேறி எதிரணியின் ஒரு கெஜக் கோட்டுக்கு வந்துவிட்டது. மூன்றாவது டவுன். ஆட்டத்தில் ஒரு நிமிடம் சொச்சம்தான் பாக்கி. கையில் மூன்று டைம்-அவுட்டும் இருந்தன. இந்த ஆட்டத்தில் எறிந்த பந்து பிடிபடாமல் விழுந்தால் கடிகாரம் தானாக நின்றுவிடும். ஓடி, மைதானத்துக்குள்ளேயே மடக்கப்பட்டால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் அந்த நேரத்தில் எறிவதுதான் முறை. கிடைத்தால் டச் டவுன், கிடைக்காவிட்டால் ஒன்றும் குறையாது. ஆனால் பந்தை டேவிட் மான்ட்கமரியிடம் கொடுத்து ஓடச் சொன்னார்கள். இரண்டு கெஜம் பின்னால் தள்ளப்பட்டார். கடிகாரத்தை நிறுத்த ஒரு டைம்-அவுட்டைச் செலவழிக்க வேண்டியதாயிற்று. அடுத்த டவுனில் ஜேம்சன் வில்லியம்ஸ் டச் டவுன் பிடித்தார், 34-31, மிச்சம் 56 நொடி.

அந்த ஒரு டைம்-அவுட் இருந்திருந்தால்? பந்தைத் தொலைவாக உதைத்துக் கொடுத்துவிட்டு, சான் பிரான்சிஸ்கோவை மூன்று டவுனிலும் மடக்கி, ஒவ்வொரு முறையும் கடிகாரத்தை நிறுத்தி, பண்ட் உதைக்க வைத்து, அரை நிமிடம் போல வைத்துக்கொண்டு மறுபடி பந்தைப் பெற்றிருக்கலாம். அப்போது ஒரு ஃபீல்டு கோல் சமன் செய்யும். இரண்டே டைம்-அவுட் இருந்ததால் அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடிவிட்டது. பந்தைச் சிறிதாக உதைத்துத் தாங்களே பிடிக்கப் பார்க்கும் ஆன்சைட் உதைதான் மிஞ்சியது. 2018-இல் விதி மாறிய பிறகு அதில் பத்துக்கு ஒன்று தேறுவதே கஷ்டம். சான் பிரான்சிஸ்கோ பந்தை அமுக்கிக்கொண்டது. அதோடு ஆட்டம் முடிந்தது.

இந்த முடிவில் வாதிட இரண்டு பக்கம் இல்லை. ஆனால் திங்கட்கிழமை இதைச் சொன்ன என்னை மேஜையில் இருந்தவர்கள் கொஞ்சம் விசித்திரமாகத்தான் பார்த்தார்கள். தோல்விக்குக் காரணம் தேடும்போது, கண்ணில் பளிச்சென்று நிற்கும் துணிச்சல்தான் முதலில் அகப்படுகிறது. டைம்-அவுட் கணக்கு யாருக்கும் வலிப்பதில்லை.

வலி எங்கே இருந்தது என்பது எனக்கு ஒரு வயதான பக்கத்து வீட்டுக்காரர் மூலம்தான் புரிந்தது. கார் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் அப்பாவோடு சின்ன வயதிலிருந்து லயன்ஸ் பார்த்தவர், அந்த அப்பா 1957-ஐ நேரில் கண்டவர். பனி வாரிக்கொண்டிருந்தவரிடம் போய், நான் படித்த கணக்கையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். இறங்கியது சரியா தவறா என்பது தனக்கு முக்கியமில்லை என்றார். இத்தனை வருடமும் லயன்ஸ் தோற்றபோதெல்லாம் பயந்து தோற்றது, கைதவறித் தோற்றது, கோமாளித்தனமாகத் தோற்றது, முதல் முறையாகத் தங்கள் ஆட்டத்தையே ஆடித் தோற்றிருக்கிறார்கள் என்றார். அப்புறம், அப்படியிருந்தும் அந்த மூன்று புள்ளியை எடுத்திருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் பனி வாரப் போய்விட்டார். அவருக்குள்ளேயே அந்த வாதம் இரண்டு பக்கமும் நின்றது.

கேம்ப்பல் தோற்ற இரவிலேயே ஆட்டக்காரர்களிடம், இந்த மாதிரி வாய்ப்பு நமக்கு மறுபடி வராமலே போகலாம் என்று சொன்னதாகத் தானே நிருபர்களிடம் சொன்னார். ஒரு அணியைக் கட்டியவர் அப்படிச் சொல்லும்போது குரல் எப்படி இருக்கும் என்று அன்று தொலைக்காட்சியில் பார்த்தோம். அவர் மாறிவிடுவார், அடுத்த வருடம் உதைப்பார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். இந்த ஒரு இரவுக்கு முன்வரை ஊரே அவரிடம் கேட்டது துணிச்சலைத்தான். அதை வைத்துத்தான் அந்த அறைக்குள் வந்த ஆட்டக்காரர்கள் அவரை நம்பினார்கள். பெரிய இரவு வந்ததும் வேறு ஆளாக மாறச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

2024 டிசம்பர் 5, வியாழக்கிழமை இரவு, ஃபோர்டு ஃபீல்டு. கிரீன் பே பேக்கர்ஸ் அணியோடு ஆட்டம் 31-31. மிச்சம் 43 நொடி. எதிரணியின் 21 கெஜக் கோடு, நான்காவது டவுன், ஒரு கெஜம் தேவை. உதைத்தால் முன்னிலை கிட்டத்தட்ட நிச்சயம், ஆனால் கிரீன் பேக்குத் திருப்பி அடிக்க நேரம் இருக்கும். அதே ஹால், ஏறக்குறைய அதே ஆட்கள். உதைக்கும் ஆட்கள் உள்ளே வரவில்லை என்று தெரிந்ததும் யாரோ "ஐயோ, மறுபடியுமா" என்றார்கள். காஃப் பந்தை வாங்கித் திரும்பும்போது கால் இடறியது. விழுந்துகொண்டே கையை நீட்டி மான்ட்கமரியிடம் பந்தைச் சேர்த்தார். அவர் முட்டிக்கொண்டு ஏழு கெஜம் போனார். நேரத்தைக் கரைத்துவிட்டு, கடைசி நொடியில் ஜேக் பேட்ஸ் 35 கெஜத்திலிருந்து உதைத்தார். 34-31.